லம்பத்துக் கரையில் ஒரு மாட்டுப் பொங்கல்

மீனா, குமரன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. ஐஸ்கிரீம் மோட்டார் மணி அடிக்கிற சத்தம் கேட்கிறது என்று பேச்சை மாற்றிவிட்டேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. குமரன் மட்டும் அதை நம்பி வாசல் வரைக்கும் ஓடிப் பார்த்துவிட்டு, வியர்த்து விறுவிறுக்கத் திரும்பி வந்தான். அதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

மீனாவின் பள்ளி இயற்கைக் கழகத்தோடு ஈரநிலப் பூங்காவுக்குப் போயிருந்தோம். பெற்றோரும் வரலாம் என்று டீச்சர் சொன்னதால் நானும் தொற்றிக்கொண்டேன். தண்ணீருக்கு மேல் பலகை அடித்து நீளமாக ஒரு நடைபாலம் போட்டிருக்கிறார்கள். அதன் வழியாக எறும்பு மாதிரி வரிசையாகப் போனோம். பாதி வழியில் காற்று திரும்பியது. காய்ந்த சேறு, அழுகின தாமரை இலை, மழை பெய்து விட்ட பிறகு புல்லிலிருந்து கிளம்பும் ஆவி, எல்லாம் கலந்த ஒரு வாடை. நீங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்குக் கால் நின்றுவிட்டது. அந்த வாடை எனக்குத் தெரியும். ஆனால் அதில் ஒன்று குறைந்தது. சாம்பாரில் பெருங்காயம் போட மறந்த மாதிரி. என்ன குறைகிறது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதுதான் மீனா கேட்டாள்:

"அப்பா, அம்மா ஏன் வரல? முட்டி வலின்னு சொன்னாங்க. நேத்து மார்க்கெட் பையத் தூக்கிட்டு நாலு மாடி ஏறுனாங்களே?"

குறைந்தது மாட்டு வாடை. உங்கள் அம்மா வராததற்குக் காரணமும் மாடுதான்.

இதை நேரில் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், எனக்குக் கோபம் வரும், கதை நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு, அதற்குப் பிறகு இடைநிலைப்பள்ளியில் மூன்று வருடம், அவ்வளவுதான் என் படிப்பு. ஒற்றுப்பிழை இருந்தால் மீனா திருத்திக்கொள்ளட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

நீங்கள் பார்த்த அந்தப் பெரிய குளம் கடவுள் தோண்டியது இல்லை. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளானுக்குப் போகிற ரயில் பாதையை ஒட்டி ஒரு காலத்தில் ஈயச் சுரங்கம் இருந்தது. நம் ஆட்கள் அதை ஈய லம்பம் என்பார்கள். தண்ணீரைக் குழாயில் பீய்ச்சி மண்ணைக் கரைத்து, ஈயத்தை அரித்து எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிடுவார்கள். உங்கள் அம்மாவின் அப்பா அங்கேதான் கூலி. ஈயம் தீர்ந்தது. முதலாளி இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். குழியில் மழை நிறைந்தது. சுற்றிலும் வெள்ளை மணல், பல் விளக்குகிற உப்பு மாதிரி. மத்தியானத்தில் அதைப் பார்த்தால் கண் கூசும். புல் முளைக்காது. எறும்பு கூட அதில் வீடு கட்டாது. உங்கள் தாத்தா வேறு இடம் தேடிப் போகாமல், கரையிலேயே தகரக் கொட்டகை போட்டு ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார். எல்லாரும் சிரித்தார்களாம். "பொடிமணல்ல மாடா? மணலத் தின்னு பால் குடுக்குமா?"

தூரத்தில் ரயில் மேட்டில் புல் அறுத்து வந்து போட்டிருக்கிறார். மாடு தின்றது, சாணி போட்டது. சாணி விழுந்த இடத்தில் புல் வந்தது. அந்தப் புல்லைத் தின்று அடுத்த இடத்தில் சாணி. இப்படியே ஒவ்வொரு பாயளவாகப் பச்சை நகர்ந்திருக்கிறது. பிறகு லாலாங் புல், அதற்குப் பிறகு நாக்கை ஊதாவாக்கும் செண்டுடுக் செடி. குளத்தில் யாரோ மீன் விட்டார்கள். மீனுக்குக் கொக்கு வந்தது. கொக்கின் காலில் ஒட்டிக்கொண்டு வந்ததோ என்னவோ, தாமரையும் வந்தது.

பூங்கா வாசலில் இருக்கும் பெரிய தகவல் பலகையைக் குமரன் உரக்கப் படித்தான், நினைவிருக்கிறதா? முதலில் சுரங்கம், அப்புறம் கைவிடப்பட்ட நிலம், அப்புறம் இயற்கை தானாகவே திரும்பி வந்தது என்று எழுதியிருந்தது. எழுதினவர் நல்லவராகத்தான் இருப்பார். பறவைகள் பெயரெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறார். எனக்கு அந்தத் 'தானாகவே'யோடு மட்டும் கொஞ்சம் தகராறு.

நான் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளை. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவன். பால் என்றால் போத்தலில் வரும் என்பதுதான் எனக்குத் தெரிந்த மாட்டு ஞானம். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு பெயிண்ட் கம்பெனி ஸ்டோரில் வேலை கிடைத்து, அதே கம்பெனியில் வேலை செய்த ஒருவர் மூலமாக உங்கள் அம்மாவைப் பெண் பார்க்கப் போனேன். எனக்குக் காப்பி கொடுத்த பெண்ணிடம் வேப்பெண்ணெயும் சாணியும் சேர்ந்து மணந்தது. அன்று காலையில் ஒரு மாட்டுக்குப் புண்ணுக்கு மருந்து போட்டிருந்தாளாம். மாப்பிள்ளை பார்க்க வருகிறார் என்பதற்காக மாட்டுப் புண் காத்திருக்குமா?

கல்யாணத்துக்கு அப்புறம் அங்கேயே குடியேறினேன். வீட்டோடு மாப்பிள்ளை. உங்கள் தாத்தா அதற்குள் காலமாகிவிட்டார், மாடுகள் உங்கள் அம்மா பொறுப்பு. விடியற்காலையில் கறந்து, சைக்கிளில் போத்தல்களைக் கட்டிக்கொண்டு, செக்‌ஷன் செக்‌ஷனாகத் தெரஸ் என்கிற வரிசை வீடுகளுக்கு ஊற்றிவிட்டு, நான் வேலைக்குக் கிளம்பும்போது திரும்பி வருவாள். நீங்கள் பார்த்திருக்கிற அம்மா, பேக்டரி யூனிபார்ம் போட்டு பஸ்ஸுக்கு நிற்கிற அம்மா. நான் கட்டிக்கொண்டது சைக்கிளில் சீட்டுக்கு மேலே எழுந்து நின்று மேடு ஏறும் ஒரு பெண்ணை.

வந்த முதல் வாரத்தில் வீரம் காட்டலாம் என்று கருப்பாயியை நானே மேய்க்க ஓட்டிப் போனேன். அது கறுப்பு மாடு, நல்ல உயரம். லம்பத்துக் கரையில் சில இடங்களில் மேலே காய்ந்த தரை மாதிரி இருக்கும், உள்ளே சோற்றுக் கஞ்சி மாதிரி சேறு. மாட்டுக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது. இடுப்பு வரைக்கும் இறங்கிவிட்டேன். கையில் கயிறு மட்டும் இருந்தது. கருப்பாயி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி நடந்தது. கயிற்றை விடாமல் பிடித்திருந்ததால் நானும் வெளியே வந்தேன். பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன் ஆட்டை மேய்த்துக்கொண்டே இதைப் பார்த்துவிட்டார். அன்று சாயங்காலம் கம்பம், அதாவது எங்கள் குடியிருப்பு, முழுக்கச் செய்தி.

"என்னா மாப்ள, நீ மாட்ட மேச்சியா, மாடு ஒன்ன மேச்சுதா?"

மாட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் பாலுக்காக வருவதில்லை. வருடக் கடைசியில், அடைமழைக் காலத்தில், வெள்ளையாகக் கூட்டம் கூட்டமாக உண்ணிக்கொக்கு வந்து இறங்கும். மாடு காலை எடுத்து வைத்தால் புல்லிலிருந்து தத்துக்கிளி துள்ளும், கொக்கு கொத்தும். ஒரு மாட்டுக்கு இரண்டு மூன்று கொக்கு காவல். பங்குனி நெருங்கும்போது சில கொக்குகளுக்குத் தலையும் கழுத்தும் மஞ்சள் தேய்த்துக் குளித்த மாதிரி நிறம் மாறும். "கல்யாணத்துக்குக் கெளம்பிருச்சுங்க" என்பாள் உங்கள் அம்மா. ஒரு வாரத்தில் ஒன்றும் இருக்காது. எந்த நாட்டில் கல்யாணமோ.

இந்தக் கொக்குகளுக்காகத்தான் மாஸ்டர் வந்தார். உண்மையில் அவர் வாத்தியார் இல்லை. அரசாங்கக் கணக்கு இலாகாவில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்பீல்ட்ஸில் சொந்த வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் தூரக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வருவார். நடை வாத்தியார் மாதிரி இருந்ததால் முனியாண்டி அண்ணன் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. உங்கள் அம்மாவுக்கு அவரைப் பிடிக்கும். அவர் ஒரு பறவைக்கு இங்கிலீஷ் பெயர் சொல்வார், இவள் தமிழ்ப் பெயர் சொல்வாள், இருவரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். இவள் 'ஹெரன்' என்பதை 'ஏரான்' என்றாள். அவர் திருத்தவில்லை.

குளத்தின் தெற்குக் கரையில் நிற்கிற ஆலமரத்தை நீங்கள் பார்த்தீர்கள். அதற்குப் பக்கத்தில்தான் உங்கள் டீச்சர் எல்லாரையும் நிற்க வைத்து, "ஷ்ஷ், பறவைகளின் கூட்டம், அமைதி" என்றார். அந்த மரத்தில் அப்போதும் நிறைய வக்கா, அதாவது இராக்கொக்கு, கூடு கட்டியிருந்தது. பகலில் கழுத்தை ஒடுக்கிக்கொண்டு, லீவு கிடைக்காத ராக்காவல் ஜாகா மாதிரி தூங்கும். பொழுது சாயும்போது 'குவாக்' என்று ஒவ்வொன்றாகப் பறந்து போகும். ஏன் அந்த மரத்தில் மட்டும் அத்தனை கூடு என்றால், அதில் யாரும் கல் எறிவதில்லை, கிளை வெட்டுவதில்லை. காரணம் எங்கள் சாக்குகள்.

உங்களுக்கு அருவருப்பாக இருக்கலாம், இருந்தாலும் சொல்கிறேன். பசு கன்று போட்ட பிறகு இளங்கொடி விழும். அதை நாய் இழுக்கவோ மாடே தின்னவோ விடக்கூடாது. சாக்கில் கட்டி, பால் வடிகிற மரத்தில், ஆலமரத்தில், உயரத்தில் தொங்கவிட வேண்டும். அப்போதுதான் மாட்டுக்குப் பால் பெருகும். கம்பத்தில் மாடு வைத்திருந்த எல்லாரும் அந்த ஒரு மரத்தில்தான் கட்டினோம். பாதி சாக்கு வெயிலில் காய்ந்து தோல் மாதிரி ஆகியிருக்கும். கீழே பியாவாக் என்கிற பெரிய உடும்பு நாக்கை நீட்டி நீட்டி மேலே பார்த்துக்கொண்டு கிடக்கும், சம்பள நாளுக்குக் காத்திருக்கிற மாதிரி. வேற்று ஆட்கள் ஏதோ பில்லி சூனியம் என்று நினைத்துக் கிட்டே வரமாட்டார்கள். வக்காவுக்கு அதுவே வேலி.

மீனா கைக்குழந்தையாக இருந்தபோது, குளத்தை மண் கொட்டி மூடி வீடு கட்டப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது. பக்கத்துக் குளம் அப்படித்தான் போயிற்று. லோரி லோரியாகச் சிவப்பு மண், ஒரு வருடத்தில் தெரஸ் வீடு. மாஸ்டரும் அவருடைய பறவைக்கார நண்பர்களும் அரசாங்கத்துக்கு எழுதினார்கள், இந்த இடத்தைப் பாதுகாக்க வேண்டும் என்று. உங்கள் அம்மா அவர்களைச் சேற்றில் புதையாத வழியாகக் கூட்டிப்போய் ஒவ்வொரு கூட்டையும் காட்டினாள். மீனா, உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டுதான். எனக்குச் சந்தேகம்.

"சரசு, கொக்கக் காப்பாத்துனா மாட்ட உடுவாங்களா?"

"மாடு இல்லாட்டி கொக்கு எங்கருந்து வரும்? கொக்கு இருந்தா நாமளும் இருப்போம்லா."

அவள் அதை முழுசாக நம்பினாள். அவள் கண்ணில் அது ஒரே குடும்பம். மாடு, கொக்கு, வக்கா, மரம், அவள்.

பொங்கலன்று சாயங்காலம் மாஸ்டர் வந்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் அவர் வந்ததே இல்லை. சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு, என்னைத் தனியாகக் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போனார்.

"தம்பி, நாளைக்குக் காலமை இடம் பாக்க ஆபீஸர்மார் வருகினம். மாடுகளை ரெயில் பாதைக்கு அங்கால கொண்டுபோய்க் கட்டிவிட்டால் நல்லது. காணாததை எழுதமாட்டினம். ஒரு மணித்தியாலம்தான்."

அவர் சொன்னது எனக்குப் புரிந்தது. முனியாண்டி அண்ணனுக்கும் சொன்னேன். அவர் அப்போதே ஆடுகளை எண்ண ஆரம்பித்துவிட்டார். உங்கள் அம்மாவிடம் சொன்னபோது, அவள் அடுப்படியில் மறுநாளைக்குப் பச்சரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"நாளைக்கு என்னா நாளு?"

"மாட்டுப் பொங்கல்."

"வருசத்துல ஒரு நாளு அதுங்களுக்கு. அன்னிக்கிப் பாத்து, வாங்கம்மா, வந்து ஒளிஞ்சிக்கங்கன்னு சொல்லவா? கல்யாணத்தன்னிக்கிப் பொண்ண அலமாரில வெச்சுப் பூட்டுவீங்களா?"

"ஒரு மணி நேரந்தான் சரசு. அப்பறம் கொண்டாந்து பொங்க வெய்யி. மாடு கேலண்டரா பாக்குது?"

"மாடு பாக்காது. நான் பாக்கறேன்ல."

பிறகு சாந்தமாகச் சொன்னாள். "ஏங்க, வர்றவங்க மனுசங்கதான? நல்லா வெச்சிருக்கறதப் பாத்தா அவங்களுக்கே தெரியாதா? ஒளிச்சு வெச்சாத்தான் தப்பு செஞ்ச மாதிரி இருக்கும்."

நான் ஸ்டோரிலிருந்து கொண்டு வந்திருந்த, டின் நசுங்கிப்போய்க் கம்பெனி கழித்த பெயிண்ட் கொஞ்சம் இருந்தது. கேட்டுக்கு அடிக்கிற பச்சை. சண்டை போட்டுத் தோற்ற புருஷன் என்ன செய்வான்? பிரஷைத் தேடினேன்.

மறுநாள் காலையில் முனியாண்டி அண்ணனின் ஆடுகள் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம். எங்கள் மாடுகள் குளித்து, நெற்றியில் மஞ்சள் குங்குமம், கழுத்தில் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைச் சாமந்தி, கொம்பில் பச்சை. அண்ணன் பாதைக்கு அந்தப்பக்கம் நின்று கத்தினார்: "மாப்ள, லிப்ஸ்டிக் போடல?" உங்கள் அம்மா கொட்டகை வாசலில் கோலம் போட்டு, பானையில் பால் பொங்கி வழிகிற நேரம் பார்த்து இரண்டு அதிகாரிகளும் மாஸ்டரும் வரப்பில் வந்தார்கள். ஒருவர் மலாய்க்கார இளைஞர், முழங்கால் வரை பூட்ஸ். இன்னொருவர் சீனப் பெண்மணி. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"பொங்கலோ பொங்கல்!" என்று உங்கள் அம்மா ஓங்கிச் சொன்னாள். மீனா, உன்னையும் சொல்ல வைத்தாள். நீ 'பொப்போ' என்றாய்.

அந்த இருவரும் நல்லவர்கள். அதையும் எழுத வேண்டும். வாழையிலையில் கொடுத்த பொங்கலைக் கையால் சாப்பிட்டார்கள். பெண்மணி எங்கள் இன்னொரு பசு லெட்சுமியின் கொம்பைத் தொட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். பெயிண்ட் காயவில்லை, விரலெல்லாம் பச்சை. நான் மண்ணெண்ணெய்த் துணி எடுக்க ஓடினேன். இளைஞர் ஆலமரத்துச் சாக்குகளைக் காட்டி, இது என்ன பறவைக் கூடு என்று மலாயில் கேட்டார். இளங்கொடிக்கு மலாயில் என்ன சொல்வது? தெரியாமல், "பெக் அனாக் லெம்பு" என்றேன். கன்றுக்குட்டியின் பை. அவர் யோசித்துவிட்டு, கன்றுக்குட்டி எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறது என்று கேட்டார். மாஸ்டர் கூடச் சிரித்துவிட்டார்.

அப்புறம் இளைஞர் பேனாவை எடுத்துக்கொண்டு, மாடு எத்தனை என்று கேட்டார்.

அந்த நேரத்தில் கூட ஒன்றிரண்டைக் குறைத்துச் சொல்லியிருக்கலாம். உங்கள் அம்மா கருப்பாயியின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, தன்னுடைய பாசார் மலாயில், சந்தையில் கற்ற அரைகுறை மலாயில், கேட்டாள்: உள்ளே இருப்பதையும் சேர்த்து எண்ண வேண்டுமா?

அவர் சேர்த்தே எழுதிக்கொண்டார்.

சில மாதங்களில் உத்தரவு வந்தது. குளம் மூடப்படாது. சுற்றிலும் வேலி போட்டுப் பாதுகாக்கப்படும். கரையில் குடியிருப்பவர்களுக்கு அடுக்குமாடி வீடு கொடுக்கப்படும். எல்லைக்குள் கால்நடை கூடாது. ஆடு உட்பட. ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் ஒளிந்திருந்த ஆடுகளும் அதில் அடக்கம்.

நல்லது நடக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அடுக்குமாடியில் குழாயைத் திருகினால் தண்ணீர் வந்தது. முதல் நாள் நான் மூன்று தடவை குளித்தேன். குமரன், நீ பிறந்ததும் மின்விசிறிக்குக் கீழேதான். ஆனால் முனியாண்டி அண்ணன் படியில் பார்க்கிற போதெல்லாம் உங்கள் அம்மா காதில் விழுகிற மாதிரி சொல்வார்: "ஆபீஸருக்கு மாட்ட ஜோடிச்சுக் காட்டுன ஒலகம் இது." மற்றவர்களும் பேசினார்கள். அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு ஏறுவாள்.

ஒரு நாள் மாஸ்டர் நாலு மாடி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, ஒண்டு சொல்லவேணும். வேலிக்கான கோடு அவையள் வர முதலே கீறியாச்சுதாம். எனக்கு இப்பத்தான் தெரிய வந்தது. மாடு நிண்டாலும் நிக்காட்டாலும் முடிவு அதுதான். நீர் உம்மை நோகாதையும்."

உங்கள் அம்மா சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்தாள். துடைக்க ஒன்றும் இல்லை.

"முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் அன்னிக்கிப் பொங்க வெச்சிருப்பேன் மாஸ்டர். அது கடேசிப் பொங்கல்னு தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் நெய்யி ஊத்திருப்பேன்."

மாஸ்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். அங்கிருந்து பார்த்தால் கார் நிறுத்துமிடம்தான் தெரியும்.

மாடுகள் ஜெஞ்சாரோம் பக்கம் ஒருவருக்குப் போயின. செம்பனை மரங்களுக்கு நடுவில் மாடு வளர்ப்பவர். லோரி வந்த அன்று, டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னோம். உங்கள் அம்மா கேட்கவில்லை. பின்னால் மாடுகளோடு நின்றுகொண்டே போனாள். கொம்பில் இன்னும் பச்சை மிச்சமிருந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் எல்லாரும் காருக்குள்ளிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்களாம்.

கருப்பாயி அங்கே போய்த்தான் கன்று போட்டது. செய்தி வந்ததும் உங்கள் அம்மா பேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு ஓடினாள். பிரசவம் நல்லபடி முடிந்தது. இளங்கொடியை என்ன செய்வது? அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. "செம்பனையில எண்ணெதான் வரும், பாலு வராது" என்று இவள் சொல்லியிருக்கிறாள். பிளாஸ்டிக்கில் சுற்றி, சாக்கில் கட்டி, மேலே வாழையிலை போட்டு மறைத்து, பஸ் ஏறி, கிள்ளானில் மாறி, நேராகப் பூங்கா வாசலுக்கு வந்துவிட்டாள். நம் ஆலமரத்தில் கட்டத்தான்.

வாசலில் காவலர் இருந்தார். வயசானவர், மரியாதையானவர். அக்கா, இது என்ன, மணக்கிறதே என்று கேட்டிருக்கிறார். இவள் உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். இவளுக்குத்தான் வேறு தெரியாதே. அவர் தலையைச் சொறிந்துகொண்டு, நீங்கள் உள்ளே போகலாம் அக்கா, இது போக முடியாது என்றாராம். வேலிக்குள் மரம் தெரிகிறது. வக்கா உட்கார்ந்திருக்கிறது. சாக்குகளை எல்லாம் அறுத்து, மரத்தைச் சுத்தம் செய்து, அதற்கு ஒரு பெயர்ப் பலகையும் மாட்டியிருந்தார்கள்.

அவள் உள்ளே போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் நடத்துநர் மூக்கைச் சுளித்து இடைவழியில் இறக்கிவிட்டுவிட்டார். இருட்டுவதற்குள் நடந்து வந்தவள், பழைய தோட்டத்து மிச்சமாகச் சாலையோரத்தில் ஒற்றையாக நின்ற ரப்பர் மரத்தைப் பார்த்திருக்கிறாள். "பால் வடியிற மரந்தான?" என்று என்னிடம் வந்து கேட்டாள், ஏதோ நான் பஞ்சாங்கம் படித்தவன் மாதிரி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதில் ஏறிக் கட்டிவிட்டு வந்திருந்தாள். முழங்கையில் சிராய்ப்பு. கருப்பாயி அந்த ஈற்றில் நன்றாகப் பால் கொடுத்ததாகக் கேள்விப்பட்டோம். ரப்பரோ ஆலமோ, மாடு பேதம் பார்க்கவில்லை.

அந்த வாசலுக்கு அதற்கப்புறம் அவள் போனதில்லை. அவளுக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தால் நான் சமாதானம் செய்திருப்பேன். "போயி என்னா பாக்கறது? அதுங்க நல்லா இருக்குல்ல, போதும்" என்பாள். அதுங்கள் என்றால் வக்காக்கள்.

நல்லாத்தான் இருக்கின்றன. நீங்களே பார்த்தீர்கள். முன்பு இருந்ததைவிட அதிகம். நீலத் தாழைக்கோழி குஞ்சோடு தாமரை இலை மேல் நடந்தது. பியாவாக் ஒன்று நடைபாலத்துக்கடியில் நீந்திப் போனது, டீச்சர் அலறினார். ஆனால் உண்ணிக்கொக்கு இல்லை. அடைமழைக் காலத்தில் வந்து, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறதாம், வழிகாட்டி சொன்னார். முன்பு மாடு மேய்ந்து வைத்திருந்த கரை இப்போது ஆள் உயரத்துக்கு லாலாங். வெள்ளை மணல் எங்கேயும் தெரியவில்லை. கொட்டகை இருந்த இடத்தில் கழிப்பறையும் சைக்கிள் நிறுத்துமிடமும். மாஸ்டர் இல்லை, காலமாகி விட்டார். முனியாண்டி அண்ணன் பந்திங்கில் மகள் வீட்டில், ஆடு வாடையே ஆகாத மருமகனோடு. செக்‌ஷன் வீடுகளுக்கு விடியற்காலையில் சைக்கிளில் வந்து பால் ஊற்றிய பெண்ணை யாருக்காவது நினைவிருக்குமா தெரியவில்லை. அந்த வீடுகளில் இப்போது பெட்டிப்பால்.

திங்கட்கிழமை எனக்கு மத்தியான ஷிப்ட். காலையில் உங்களைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அம்மா வேலைக்குப் போன பிறகு, தனியாக அங்கே மறுபடியும் போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பின்னால், சிமெண்டுத் தரைக்கு வெளியே, கொஞ்சம் இளம்புல் இருந்தது. பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது, எனக்குத் தெரியும். ஒரு பிடி பிடுங்கி, பேப்பரில் சுற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டேன். கொமூட்டர் ரயிலில் கிள்ளானுக்குப் போனேன். அங்கே ஒரு கோயிலின் பின்புறத்தில் ஒரே ஒரு பசு கட்டியிருக்கிறார்கள். குருக்கள் பூசையில் இருந்தார், யாரும் இல்லை. பேப்பரைப் பிரித்து நீட்டினேன். நாக்கைச் சுழற்றி ஒரே வாயில் இழுத்துக்கொண்டது. மென்று முடித்துவிட்டு, என் கையை முகர்ந்து முகர்ந்து, இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். "அவ்வளவுதாம்மா" என்றேன்.